விற்பவன் ஒருவன்; சுமப்பவன் ஒருவனா?

ஒரு பொருளைச் செய்து விற்பவன் அதனால் வரும் ஊதியத்தைப் பெறுகின்றான். அதனை வாங்கித் துய்ப்பவன் அதன் பயனைப் பெறுகின்றான். ஆனால், பயன் தீர்ந்தபின் எஞ்சி நிற்கும் கழிவை மட்டும், அப்பொருளைச் செய்தவனும் அல்லாத, அதன் விலையில் ஒரு காசும் பெறாத, யாரோ ஓர் ஊரான் சுமக்க வேண்டும் என்பது எந்த அறம்? எந்நாட்டு வணிக முறை? நெகிழியைப் பற்றி இற்றை நாளில் எழுப்பப் பெற வேண்டிய முதல் வினா இதுவே. இவ்வினாவை எழுப்பாமல், "மக்கள் தூய்மையாக இருக்க வேண்டும்" என்று மேடைதோறும் அறிவுரை கூறுவது, கொள்ளையடித்தவனை விட்டுவிட்டுக் கதவைத் தாழிடாதவனைத் தண்டிப்பது போன்றதாகும்.

பொழிச்சலூரை எண்ணிப் பாருங்கள். மறைமலையடிகள் 1911இல் வந்து குடியமர்ந்த பல்லாவரத்திற்கு அணித்தே உள்ள ஊர் அது. ஒருபுறம் வானூர்தி நிலையம், ஒருபுறம் பம்மல், ஒருபுறம் அனகாபுத்தூர், ஒருபுறம் அடையாறு. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப் பெற்றபொழுது, பொழிச்சலூர் அதனுள் சேர்க்கப் பெறவில்லை, ஊராட்சியாகவே விடப்பெற்றது. ஆனால், அவ்வூர்க் கடைகளில் தொங்கும் நெகிழி உறைகள் மாநகரக் கடைகளில் தொங்குவனவே. அங்குள்ள வீடுகளிலிருந்து நாள்தோறும் வெளிவரும் புட்டில்களும் பைகளும் மாநகர வீடுகளிலிருந்து வெளிவருவனவே. வருவாய் சிற்றூருக்குரியது, குப்பையோ மாநகருக்குரியது! இவ்விரண்டிற்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட ஊர்கள் சென்னையின் தெற்கு விளிம்பெங்கும் உள்ளன.

அகப்பட்டுக்கொண்ட ஊர் என்ன செய்யும்? ஆற்றங்கரையையும் ஏரிக்கரையையும் நாடும். பல்லாவரம் பெரிய ஏரி ஆண்டுக்கணக்கில் குப்பைக் கிடங்காக்கப் பெற்றதையும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியைப் பெருங்குடிக் குப்பைமேடு விழுங்கியதையும் தென்சென்னை மக்கள் கண்ணாரக் கண்டனர். நீர் தங்க வேண்டிய இடத்தில் நெகிழி தங்கினால், நெகிழி தங்க வேண்டிய வீட்டுக்குள் நீர் வந்து தங்கும். 2015 திசம்பரில் அடையாறு கரைபுரண்டபொழுது அதன் கரையோரக் குடியிருப்புகள் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வெள்ளத்திற்கு நெகிழி மட்டுமே கரணியம் என்று கூறுவது பொய்யாகும்; அளவிறந்த மழையும், ஏரிநீர்த் திறப்பும், கரைகளை வளைத்துக் கட்டிய கட்டடங்களும் அதற்குக் கரணியங்கள். ஆயினும், வடிகால்களின் வாயை அடைத்துக்கொண்டு நின்றவற்றுள் நெகிழிப் பைகள் முன்னின்றன என்பதை மறுப்பார் எவருமிலர்.

இச்சிக்கல் பொழிச்சலூருக்கு மட்டும் உரியதன்று. 1950ஆம் ஆண்டு தொடங்கி 2015 வரை உலகம் செய்து குவித்த நெகிழி ஏறத்தாழ 830 கோடித் தொன் என்றும், அதில் கழிவாகிப் போனது ஏறத்தாழ 630 கோடித் தொன் என்றும், அக்கழிவில் மீளாக்கம் பெற்றது வெறும் 9 விழுக்காடே என்றும், 12 விழுக்காடு எரிக்கப் பெற்றது என்றும், எஞ்சிய 79 விழுக்காடு மண்ணிலும் நீரிலும் கிடக்கின்றது என்றும் அமெரிக்க ஆய்வாளர் மூவர் 2017இல் கணக்கிட்டு வெளியிட்டனர். இந்திய நாட்டில் 2019-20ஆம் ஆண்டில் வெளிவந்த நெகிழிக் கழிவு ஏறத்தாழ 34 இலக்கத்து 70 ஆயிரம் தொன் என்பது நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு. அதில் ஏறத்தாழ 12 விழுக்காடு தமிழ்நாட்டினுடையது. இவ்வளவையும் மண் செரித்துக்கொள்ளும் என்று நம்புவார் உளரோ?

நெகிழி வருமுன் தமிழர் வாழ்வில் கழிவென்று பெரிதும் ஒன்றிருந்ததில்லை. வாழையிலை மாட்டிற்கு உணவாயிற்று. சாணம் வயலுக்கு உரமாயிற்று. கிழிந்த புடைவை குழந்தைக்கு ஏணையாயிற்று. தேய்ந்த பித்தளை ஏனம் உருக்கப் பெற்று மீண்டும் ஏனமாயிற்று. "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருத்தெருவாகக் கூவி வந்தவன் குப்பை பொறுக்க வந்தவனல்லன். ஒரு பொருளியலின் கடைசிக் கண்ணியாக வந்தவன். பழையதற்கும் ஒரு விலையுண்டு என்பதே அப்பொருளியலின் உயிர். இன்று மேலை நாட்டுப் பல்கலைக் கழகங்கள் 'சுழற்சிப் பொருளியல்' என்று பெயரிட்டுப் பாடமாக நடத்துவது இதனைத்தான். எடு, செய், எறி என்னும் நேர்கோட்டை வளைத்து, எறிவதை மீண்டும் எடுப்பதாக்கும் முறையே அது. முறை பழையது, நெகிழி புதியது. எனவே, பழைய முறையைப் புதிய பொருளுக்குப் பொருத்தப் புதிய அறிவியல் வேண்டும். அவ்வறிவியலை ஊக்குவது அரசின் கடமை.

ஆனால், அரசினரும் வணிகரும் இதுவரை காட்டி வந்தவை மூன்று தப்பு வழிகளே.

முதலாவது, விலக்கோடு கடமை முடிந்ததென்று இருப்பது. ஒருமுறை மட்டுமே பயன்படும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாட்டரசு 2018 சூன் 5ஆம் நாள் விலக்கி அறிவித்தது. 2019 சனவரி முதல் நாளன்று அவ்விலக்கு செயலுக்கு வந்தது. 2021 திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப் பெற்றது. இவை நல்லன, போற்றத் தக்கன. ஆனால், அந்த ஆணையில் சிறுகடைக்காரன் கொடுக்கும் பை விலக்கப்பட்டது. பெருநிறுவனம் தன் தொழிலகத்திலேயே அடைத்து அனுப்பும் உறைக்கு விதிவிலக்குத் தரப்பட்டது! அவ்விதிவிலக்கு 2020இல் திரும்பப் பெறப்பட்ட பின்னும், பளபளக்கும் அவ்வுறைகள் கடைதோறும் சரஞ்சரமாகத் தொங்கிக்கொண்டுதான் உள்ளன. பூக்காரியின் பையைப் பறித்துத் தண்டத்தொகை வாங்கும் கை, கோடி கோடியாக உறை விற்பவனின் வாயிலில் ஏன் தயங்கி நிற்கின்றது?

இரண்டாவது, எரித்துவிடுவது. கண்ணுக்குத் தெரியும் குப்பையைக் கண்ணுக்குத் தெரியாத புகையாக மாற்றினால் சிக்கல் தீர்ந்ததென்று கருதுவது. குளோரின் கலந்த நெகிழி எரியும்பொழுது தையாக்சின் என்னும் கொடிய நஞ்சு தோன்றும். அதனைத் தடுக்கும் உயர்வெப்ப உலைகளுக்கும் வடிகட்டிகளுக்கும் பெரும்பொருள் வேண்டும்; இடைவிடாக் கண்காணிப்பும் வேண்டும். கொடுங்கையூரில் எரியுலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து வடசென்னை மக்கள் 2025இல் கைகோத்து நின்றது இதனை உணர்ந்தே. அன்றியும், எரியுலைக்கு நாள்தோறும் தீனி வேண்டும். தீனி கேட்கும் உலையை வைத்துக்கொண்டு கழிவைக் குறைப்பதெங்ஙனம்?

மூன்றாவது, பழியைப் பொதுமக்கள் தலையில் ஏற்றுவது. பிரித்துக் கொடுக்கவில்லை, தெருவில் எறிகின்றனர் என்பது குற்றச்சாட்டு. பிரித்துக் கொடுத்தவற்றை ஒரே வண்டியில் கொட்டிக் கலந்தால், பிரித்தவர் மீண்டும் பிரிப்பாரா? மேலும், எதை எதனோடு பிரிப்பது? புட்டிலின் அடியில் முக்கோணத்துள் 1 முதல் 7 வரை பொறித்துள்ள எண் அது எவ்வகை நெகிழி என்பதைக் காட்டுவதாகும். தமிழ்நாட்டில் விற்கும் பொருளின் உறையில், 'இதனை மீளாக்கலாம். இதனை மீளாக்க முடியாது' என்று தமிழில் எழுதிக் காட்டும் நிறுவனம் எது? படிக்க முடியாத அயன்மொழியில் அச்சிட்டுவிட்டு, படித்து நடக்கவில்லை என்று குறைகூறுவது என்ன நேர்மை?

இனி, செய்து காட்டியவர்களைப் பார்க்க வேண்டும்.

பொழிச்சலூருக்கு அடுத்துள்ள பம்மலில், 1994ஆம் ஆண்டில், இல்லறத்து மகளிர் சிலர் ஒன்றுகூடி, தங்கள் தெருக் குப்பையைத் தாங்களே பிரித்தெடுக்கத் தொடங்கினர். மட்குவதை மண்புழு உரமாக்கினர். மட்காததைப் பிரித்து விற்றனர். எவரும் அவர்களை ஏவவில்லை. எந்தப் பெருநிறுவனமும் முன்வந்து தொடங்கவில்லை. அம்முயற்சி பின்னர் வளர்ந்து பம்மல் நகராட்சிப் பகுதிக்கே விரிந்தது. குப்பை பிரிபட்டால் அதில் பெரும்பகுதி குப்பையே அன்று என்பதை அம்மகளிர் மெய்ப்பித்தனர்.

மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியல் பேராசிரியர் இரா. வாசுதேவன், வீணாகும் நெகிழிப் பைகளைச் சாலைக்குப் பயன்படுத்தும் முறையைக் கண்டார். கருங்கற் சல்லியை ஏறத்தாழ 160, 170 பாகை வெப்பத்தில் சூடேற்றி, அதன்மேல் நறுக்கிய நெகிழித் துண்டுகளைத் தூவினால், அவை உருகிச் சல்லியைப் போர்த்துக்கொள்ளும். பின்னர் அதனோடு தாரைக் கலப்பர். தாரின் எடையில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு மிச்சமாகும். மழைநீர் எளிதில் உள்ளிறங்காது. ஒற்றைவழிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு தொன் நெகிழி அடங்கும். 2002இல் இம்முறையில் சாலைகள் போடப் பெற்றன. சென்னை நுங்கம்பாக்கத்துச் சம்புலிங்கம் தெருவும் அவற்றுள் ஒன்று. 2006இல் அக்கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால், மக்கள்தொகை ஐந்து இலக்கத்திற்கு மேற்பட்ட நகரங்களைச் சூழ்ந்த சாலைகளில் இதனைக் கட்டாயமாக்கும் ஆணையைத் தில்லியரசு பிறப்பித்தது 2015 நவம்பரில்! பேராசிரியருக்குப் பதுமசிறீ விருது கிடைத்தது 2018இல்! கண்டுபிடித்தவுடன் கைகொடுத்திருந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் எத்துணை ஏரிகள் குப்பைமேடாகாமல் தப்பியிருக்கும்?

கரூரை நோக்குங்கள். அங்குள்ள சிறீ ரெங்கா பாலிமர்சு என்னும் தொழிலகம் எறியப்பட்ட நீர்ப்புட்டில்களை நொறுக்கி, கழுவி, உருக்கி, இழையாக இழுத்து, துணியாக நெய்யும் தொழிலைச் செய்கின்றது. 2023 பிப்பிரவரியில் இந்தியத் தலைமையமைச்சர் நரேந்திர மோதி நாடாளுமன்றத்திற்கு அணிந்து சென்ற நீலநிற மேற்சட்டை அத்துணியால் ஆனதே. ஏடுகளெல்லாம் அச்சட்டையைப் புகழ்ந்தன. அதனை இயலச் செய்த நெசவூரின் அறிவைப் புகழ்ந்தவை எத்தனை? புட்டிலைப் பொறுக்கிக் கொடுத்த கைகளை எண்ணிப் பார்த்தவை எத்தனை?

நீலமலை மாவட்டத்தை நோக்குங்கள். சென்னை உயர் முறைமன்றத்தின் தலையீட்டால், மதுப்புட்டில் ஒன்றிற்கு 10 உருபா மிகுதியாகப் பெற்று, வெறும் புட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அத்தொகையைத் திருப்பித் தரும் முறை 2022இல் அங்குத் தொடங்கப் பெற்றது. காட்டிலும் ஓடையிலும் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த புட்டில்கள் பெரும்பாலும் கடைக்கே திரும்பின. அறிவுரையால் ஆகாதது பத்து உருபாயால் ஆயிற்று. செருமனியில் நெகிழிப் புட்டிலுக்கு 2003 முதல் இம்முறை நடைபெறுகின்றது. மதுக்கடைக்கு இயன்றது, நீரும் குளிர்குடிப்பும் விற்கும் நிறுவனங்களுக்கு ஏன் இயலாது?

இச்செயல்களை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டுப் போவதும் தவறே. சாலையில் உருக்கி ஊற்றிய நெகிழி மீண்டும் கைக்கு வராது. அஃது இன்னொரு முறை பயன்பட்டதே தவிர, சுழற்சி ஆகாது. புட்டில் துணியாகலாம், கிழிந்த துணி மீண்டும் புட்டிலாவது அரிது. ஒவ்வொரு முறை உருக்கும்பொழுதும் நெகிழியின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலி அறுபட்டுத் தன் வலிமையை இழக்கும். பல அடுக்குகளை ஒட்டிச் செய்த நொறுக்குத் தீனி உறையைப் பிரித்து மீளாக்குவது மிகக் கடினம். எனவேதான், ஆய்வு இன்னும் வேண்டும் என்பது. சப்பான் நாட்டின் சகாய் நகரில், புட்டில் மீளாக்கும் இடத்தில் எடுத்த மண்ணிலேயே, அந்நெகிழியைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர் ஒன்றை ஆய்வாளர்கள் கண்டு 2016இல் உலகுக்கு அறிவித்தனர். குப்பைமேட்டிலும் அறிவியல் உண்டு. குனிந்து பார்ப்பவர் வேண்டும்.

பொழிச்சலூரிலிருந்து சில கல் தொலைவில், கிண்டியில், நடுவண் நெகிழிப் பொறியியல் தொழில்நுட்ப நிறுவனம் 1968 முதல் நிலைபெற்றுள்ளது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நெகிழியைச் செய்யக் கற்பிக்கும் நிறுவனம் ஒருபுறம். அதே நெகிழியால் மூச்சுத் திணறும் ஊர்கள் மறுபுறம். இவ்விரண்டையும் இணைக்கும் பாலத்தைக் கட்டுவதன்றோ அரசின் வேலை? அதை விடுத்து, தில்லி செய்ததென்ன? நெகிழிக் கழிவின் மீதிருந்த சரக்கு, பணிகள் வரியை 2021இல் 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தியது! புதிதாய் விற்றபொழுதே ஒருமுறை வரி வாங்கப்பட்ட பொருள் அது. அதனைச் சாக்கடையிலிருந்து மீட்டெடுத்துக் கழுவி விற்பவனிடம் மீண்டும் வரி கேட்பது, ஆற்றில் விழுந்தவனைத் தூக்கிவிட்டவனிடம் ஓடக்கூலி கேட்பது போலன்றோ உள்ளது? காயலான் கடைக்காரனின் சிறு ஊதியத்தில் கைவைத்தால், அவன் பொறுக்கி வருபவளின் கூலியிலன்றோ கைவைப்பான்?

2022இல் தில்லியரசு வகுத்த நெறிமுறை, நெகிழியைச் சந்தைக்கு அனுப்புபவனே அதனைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று கூறுகின்றது. கெட்டியான நெகிழி உறைகளில் 2025-26இல் 30 விழுக்காடும், 2028-29இல் 60 விழுக்காடும் மீளாக்கிய நெகிழி இருத்தல் வேண்டும் என்றும் இலக்குக் குறித்தது. எழுத்தில் இது நன்றே. நடைமுறையோ வேறு. மீளாக்கம் செய்ததாகக் காட்டும் சான்றிதழ்களை வாங்கி விற்கும் முறையில், 2023இல் ஏறத்தாழ 6 இலக்கம் பொய்ச் சான்றிதழ்களை நடுவண் வாரியமே கண்டுபிடித்தது. தாளில் மீண்ட நெகிழி ஆற்றில் மிதக்கின்றது!

ஆதலின், ஊக்குவது என்றால் விழா எடுப்பதும் பொன்னாடை போர்த்துவதும் அல்ல. செய்ய வேண்டுவன இவை.

ஒன்று: பொழிச்சலூர் போன்ற விளிம்பூர்கள் சில ஒன்றுகூடித் தமக்கெனப் பிரிப்புக் கூடமும் நறுக்குப் பொறியும் வைத்துக்கொள்ள அரசு முதலீடு தர வேண்டும். பம்மல் மகளிர் காட்டிய வழியில், அவ்வூர் மகளிர் குழுக்களே அவற்றை நடத்த வேண்டும்.

இரண்டு: அவர்கள் நறுக்கித் தரும் நெகிழியை நெடுஞ்சாலைத் துறை உறுதி விலைக்கு வாங்க வேண்டும். சந்தையில் நிலத்தடி எண்ணெயின் விலை இறங்கினால் புதுநெகிழி மலிந்து, பழைய நெகிழியை வாங்குவார் இல்லாது போகும். அந்நாளில் இத்தொழில் சாகாமல் காப்பது உறுதி விலை ஒன்றே.

மூன்று: நீர்ப்புட்டில், குளிர்குடிப்புப் புட்டில் ஆகியவற்றிற்கும் முன்பணம் பெற்றுத் திருப்பித் தரும் முறையைத் தமிழ்நாடு முழுமைக்கும் கொண்டுவர வேண்டும். அச்செலவு நிறுவனங்களுடையது.

நான்கு: பொறுக்குவோர்க்கும் பிரிப்போர்க்கும் அடையாள அட்டை, கையுறை, காலணி, மருத்துவம், நிலையான கூலி ஆகியன வேண்டும். இத்தொழிலின் முதல் பொறியாளர் அவர்களே. எந்த நெகிழி எந்த வகை என்பதைத் தொட்டும் வளைத்தும் ஒலி கேட்டும் சொல்ல வல்ல பட்டறிவு அவர்களுடையது.

ஐந்து: உறைகளின் மேல் அவற்றின் வகையும் மீளாக்கும் முறையும் தமிழில் அச்சிடப் பெறல் வேண்டும். பிரிக்கவே முடியாத பலவடுக்கு உறைகளை, மாற்றுக் காணும்வரை சந்தைக்கு விடலாகாது.

"மீளாக்கிய நெகிழி புதுநெகிழியை விட விலை மிகுதி, கட்டுப்படியாகாது" என்று வணிகர் கூறுவர். புதுநெகிழி மலிவாக இருப்பது ஏன்? அடைபட்ட வடிகாலின் விலையும், பாழ்பட்ட ஏரியின் விலையும், வெள்ளத்தில் போன வீட்டின் விலையும் அதில் சேர்க்கப் பெறவில்லை. அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் எது மலிவு என்பது விளங்கும். "மீளாக்கம் வளர்ந்தால் மேன்மேலும் நெகிழி செய்யவன்றோ அது வழிவிடும்?" என்று வேறு சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் பொருளற்றதன்று. அதனால்தான் வரிசை மாறலாகாது: முதலில் குறைத்தல், அடுத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தல், அதன்பின் மீளாக்கல். ஆனால், ஏற்கெனவே மண்ணில் கிடப்பதைக் குறைத்தலால் அகற்ற முடியாது. நாளைக்கும் மருத்துவமனையில் தேவைப்படும் நெகிழியை விலக்கால் ஒழிக்க முடியாது. அவற்றிற்கு மீளாக்கமே வழி.

உலக நாடுகள் கூடித் தீர்வு தரட்டும் என்று காத்திருப்பதும் பயனற்றது. நெகிழி மாசைத் தடுக்க ஓர் உடன்படிக்கை காண்பதென்று 2022 மார்ச்சில் நைரோபியில் முடிவு செய்தனர். 2024இல் பூசானில் கூடிக் கலைந்தனர். 2025 ஆகத்தில் செனிவாவில் கூடியும் உடன்பாடின்றியே கலைந்தனர். நெகிழி செய்வதற்கு ஒரு வரம்பு கட்ட வேண்டும் என்றவுடன், எண்ணெய் விற்கும் நாடுகள் இசையவில்லை. எண்ணெய் விற்பவன் இசையும்வரை அடையாறு காத்திருக்குமா?

தமிழர் கையில் அறிவு உண்டு. மதுரை அதற்குச் சான்று. தொழில்திறன் உண்டு, கரூர் அதற்குச் சான்று. ஊர்கூடிச் செய்யும் உறுதி உண்டு. பம்மல் அதற்குச் சான்று. இல்லாதது, இவற்றை ஒன்றாகக் கோக்கும் அரசின் மனமும், அம்மனத்தை உண்டாக்கும் மக்களின் எழுச்சியுமே. பொழிச்சலூர் மக்களும் அவர்களையொத்த விளிம்பூர் மக்களும் ஊரவை கூடும்பொழுதெல்லாம் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக்கி எழுதி வைப்பாராக! தேர்தலில் கும்பிட்டு வருபவரிடம், "எங்கள் ஊர்க் குப்பைக்கு என்ன வழி? அதைச் செய்து விற்றவனிடம் என்ன வாங்கினாய்?" என்று கேட்பாராக! விற்றவன் பொறுப்பேற்கும் நாள் வரும்வரை அக்கேள்வியை விடாது கேட்பாராக!